டாக்பேக்கில் பெயர் சொல்லாத பட்டன்களைச் சரிசெய்தது

மளிகை ஆப்பின் கூடைப் பக்கத்தில் கூட்டல், கழித்தல் ஐகான்களைத் தொட்டால் டாக்பேக் (பார்வையற்றவர்களுக்காகத் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டு வசதி) வெறுமனே "பட்டன்" என்றது. காரணம், கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன், அதாவது டாக்பேக் வாசிப்பதற்காக நாம் எழுதித்தரும் விளக்கம், காலி. "கூட்டு" என்று மட்டும் போட்டாலும் எந்தப் பொருளை என்று தெரியாது. அதனால் "தக்காளி, அளவைக் கூட்டு" என்று கொடுத்தேன். "பட்டன்" என்பதை நாம் சேர்க்கக் கூடாது, டாக்பேக்கே சொல்லும். இரண்டு முறை கேட்டால் எரிச்சல்தான்.

அளவு மாறியதும் காதுக்கு வரவில்லை. எண் காட்டும் டெக்ஸ்ட்வியூவில் (எழுத்தைக் காட்டும் பகுதி) லைவ் ரீஜனை (மாற்றத்தைத் தானாக அறிவிக்க வைக்கும் அமைப்பு) 'பொலைட்' ஆக்கியதும் "2 கிலோ" என்று சொன்னது. 'அசெர்ட்டிவ்' வேண்டாம், பேசிக்கொண்டிருப்பதை வெட்டிவிடும்.

ஐகான் 24 டிபியாகவே (டிபி என்பது ஆண்ட்ராய்டில் திரை அளவுக்கான அலகு) இருக்கட்டும். சுற்றிலும் 12 டிபி பேடிங் (காலி இடம்) கொடுத்தால் தொடும் பரப்பு விரலுக்குப் போதுமான 48 டிபி ஆகிவிடும். சோதிக்கும்போது திரையை மறைத்துவிடுங்கள். கண் பார்த்தால் விரல் தானாகப் பட்டனுக்குப் போய்விடும்.