மலையில் ஓர் ஆண்டு, ஏழு நாவல்கள்: வாசிப்புச் சவாலில் இறங்குவோருக்கு ஒரு செய்முறை

புத்தாண்டு அன்று 'இந்த ஆண்டு 50 புத்தகங்கள்' என்று நாட்குறிப்பில் எழுதிவிட்டு, மாசி பிறப்பதற்குள் அந்தப் பக்கத்தைத் திருப்பவே கூச்சப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படிக் கூச்சப்பட்டவன்தான். நீலகிரி மலையிலுள்ள கோத்தகிரியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து பழைய நாவல்களைப் படிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், வரலாற்று வரிசைப்படி போவதே முறை என்று அடம்பிடித்து, 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை முதல் புத்தகமாக வைத்தேன். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் அந்த நாவலைத்தான் தமிழின் முதல் நாவல் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் கிளைக்கதைகளும் நீதியுரைகளும் நிறைந்த அந்த நடைக்குப் பழகாத இருவர் பாதியிலேயே நின்று, முடிக்கவில்லையே என்ற வெட்கத்தில் கூட்டத்துக்கும் வராமல் இருந்துவிட்டார்கள். மார்ச் மாதக் கூட்டத்தில் நானும் இன்னொருவரும் மட்டும் வர்க்கியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுவிட்டுக் கலைந்தோம். இப்போது எங்கள் குழுவில் எட்டுப் பேர் இருக்கிறார்கள், ஆண்டுக்கு ஏழு நாவல்கள் முடிகின்றன. அந்த முறையைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள்

எண்ணிக்கையை முடிவு செய்வதற்கு முன், ஏதேனும் ஒரு நாவலை எடுத்து, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, 20 நிமிடம் படியுங்கள். எத்தனை பக்கம் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 14 பக்கம் வந்தது. நாளுக்கு 25 நிமிடம் என்றால் ஏறத்தாழ 17 பக்கம். வாரத்தில் ஐந்து நாள்தான் படிக்க முடியும் என்று வைத்துக்கொண்டால் 85 பக்கம். நான்கு வாரத்தில் 340 பக்கம். கல்யாணம், காய்ச்சல், உறவினர் வருகை ஆகியவற்றுக்காக இதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் உண்மையான மாதக் கணக்கு. குழுவாகப் படிக்கிறவர்கள், எல்லோரிலும் மெதுவாகப் படிப்பவரின் கணக்கையே குழுவின் கணக்காக வைத்துக்கொள்ள வேண்டும். வேகமாகப் படிப்பவர்களுக்கு இது எரிச்சலைத் தரும். அவர்கள் முடித்துவிட்டு இரண்டாம் முறை படிக்கட்டும், அது வீண்போகாது.

இரண்டாம் படி: எது செவ்வியல் என்று ஒரு விதி வையுங்கள்

இதைப் பற்றி ஒரு மாலை முழுக்க வாதிடலாம், வாதிட்டும் இருக்கிறோம். தொடங்குகிறவர்களுக்கு எளிய விதி ஒன்று போதும்: முதலில் வெளியாகி 50 ஆண்டுகள் ஆகியும் இன்று அச்சில் கிடைக்கிற நாவல். தரத்தைப் பற்றிய சண்டையைப் படித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு மொழிபெயர்ப்பாவது பட்டியலில் இருக்க வேண்டும் என்பது எங்கள் இரண்டாவது விதி. பட்டியலின் முதல் இரண்டு நூல்கள் 200 பக்கத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது மூன்றாவது. அது நான் மேலே சொன்ன தோல்வியிலிருந்து பிறந்தது.

மூன்றாம் படி: மலையின் பருவத்துக்கு ஏற்ப அட்டவணை போடுங்கள்

சமவெளியில் இருப்பவர்களின் அட்டவணை இங்கே செல்லாது. மே மாதத்தில் உதகையில் மலர்க் கண்காட்சி, குன்னூரில் பழக் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி என்று சீசன் களைகட்டும்போது, விடுதியிலும் வாடகைக் காரிலும் கடையிலும் வேலை செய்கிறவர்களுக்குப் புத்தகத்தைத் தொட நேரம் இருக்காது. ஆகவே மே மாதத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். மார்ச் மாதம் தேர்வுக் காலம் என்பதால் ஆசிரியர்களும் மாணவர்களும் உள்ள குழு அதையும் விட்டுவிடலாம். பருமனான நாவலை உங்கள் ஊரின் மழை மாதத்தில் வையுங்கள். கூடலூர், நடுவட்டம் பக்கம் இருப்பவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழை கொட்டும் சூன் முதல் ஆகஸ்டு வரை அதற்கு உகந்த காலம். கோத்தகிரி, குன்னூர்க்காரர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் உகந்தது.

கடந்த ஆண்டு நாங்கள் போட்ட அட்டவணையைச் சொல்கிறேன், நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். பொங்கலையொட்டி சனவரியில் சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. ஒரே ஒரு பிற்பகலில், ஒரே இடத்தில் நடக்கும் ஜல்லிக்கட்டுக் கதை என்பதால், நீண்ட காலமாக நாவலே படிக்காதவரும் இரண்டே அமர்வில் முடித்துவிடுவார். பிப்ரவரியில் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்', 1942இல் வெளிவந்த இந்த நாவலின் கொங்கு வழக்கு, மேட்டுப்பாளையத்துக்கும் கோவைக்கும் போய்வருகிற நமக்கு அந்நியமாக இராது. ஏப்ரலில் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தை, குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று நாங்களே காத்துக்கிடந்த கோடையில் படித்தோம். கதைநாயகி ஜமுனா குடத்தோடு நடக்கும் தூரத்தை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சூன், சூலையில் தகழி சிவசங்கரப் பிள்ளையின் மலையாள நாவல் 'செம்மீன்', சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில். ஆகஸ்டில் அதே சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'. மொழிபெயர்ப்பாளராகவும் நாவலாசிரியராகவும் ஒருவரையே அடுத்தடுத்துப் படிப்பது தற்செயலாக அமைந்தது என்றாலும் அதிலிருந்து நல்ல பேச்சு கிளம்பியது. செப்டம்பரில் ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்', அக்டோபர் முதல் டிசம்பர் வரை தி. ஜானகிராமனின் 'மோகமுள்'.

'பொன்னியின் செல்வன்' ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அதை மற்ற நாவல்களோடு ஒரே பட்டியலில் வைத்தால் அது எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதற்குத் தனியாக ஓர் ஆண்டு கொடுங்கள். ஐந்து பாகங்களிலும் சேர்த்து 293 அத்தியாயங்கள். சனவரி முதல் நாளிலிருந்து நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று போனால், சாதாரண ஆண்டில் அக்டோபர் 20ஆம் தேதி முடியும். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் காத்திருந்து படித்தவர்களைவிட நமக்கு வேலை சுலபம்தான்.

நான்காம் படி: புத்தகங்களைத் திரட்டுங்கள்

முதலில் உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். உதகையில் 1859இல் தொடங்கப்பட்ட நீலகிரி நூலகம் கண்ணுக்கு விருந்து, ஆனால் அது சந்தா கட்டிச் சேர வேண்டிய தனி நூலகம். பழைய தமிழ் நாவலைத் தேடுபவருக்கு மாவட்ட மைய நூலகமே நேரான வழி. வேதநாயகம் பிள்ளை, ராஜம் ஐயர், கல்கி போன்றோரின் படைப்புகள் பதிப்புரிமைக் கட்டு இல்லாதவை என்பதால், தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விலைக்கு வாங்குகிறவர்கள் அட்டையின் உட்பக்கத்தைப் பாருங்கள். 'சுருக்கப் பதிப்பு' என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தால் வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூடுபனிக் காலத்தில் மலைவீட்டு அலமாரியில் வைத்த புத்தகம் பத்தே நாளில் பூஞ்சை பிடிக்கும். சுவரோடு ஒட்டி அடுக்காமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள், வெயில் முகம் காட்டும் நாளில் நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். ஈரமானதை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து உலர்த்தினால் முதுகுப் பசை விட்டுப்போய் நடுப்பக்கங்கள் கையோடு வந்துவிடும். நூலகப் புத்தகத்தில் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு, புதுப் பிரதி வாங்கிக் கொடுத்தவன் நான்.

ஐந்தாம் படி: குறிப்பேடு

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். கதைச் சுருக்கம் எழுதாதீர்கள். அது வேலையைப் போலாகிவிடும். படிக்கும்போது உங்களை நிறுத்திய இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: அத்தியாய எண், அந்தப் பத்தியின் முதல் இரண்டு சொற்கள், ஏன் நின்றீர்கள் என்று ஒரே வரி. பக்க எண்ணை நம்ப வேண்டாம். எங்களிடம் ஒரே நாவலுக்கு மூன்று பதிப்பகங்களின் பிரதிகள் இருந்தபோது, ஒருவர் '112ஆம் பக்கம்' என்று சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு காட்சியில் நின்று விழித்தார்கள். ஒரு வரியைத் தேடுவதிலேயே கால் மணி நேரம் போயிற்று.

ஆறாம் படி: கூடிப் பேசுங்கள்

ஆண்டுச் சவால் நிலைப்பதும் குலைவதும் இந்தப் படியில்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு, மதியம் 2 மணிக்குக் கூடுங்கள். 4 மணிக்கு மேல் பனி இறங்கிவிடும், கடைசிப் பேருந்தைப் பற்றிய கவலையோடு யாரும் இலக்கியம் பேச முடியாது. மழையில் மரம் விழுந்து சாலை அடைபட்டால் கூட்டத்தைத் தள்ளிவைக்காமல் தொலைபேசியிலேயே நடத்துங்கள். ஒரு முறை தள்ளிய கூட்டம் மறுமுறையும் தள்ளிப்போகும்.

முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தாம் குறித்து வந்த பத்திகளில் ஒன்றை உரக்கப் படிக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம். பிடித்தது, பிடிக்கவில்லை என்ற தீர்ப்பை இந்தச் சுற்றில் யாரும் சொல்லக் கூடாது. நாவலை முடிக்காதவரும் படித்த வரையில் ஒரு பத்தியைக் கொண்டுவரலாம் என்பதால், முதல் ஆண்டில் எங்களை விட்டுப்போன இருவரைப் போல யாரும் வெட்கத்தால் விலக வேண்டியதில்லை. முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுமே என்று சிலர் தயங்குவார்கள். பழைய நாவலின் முடிவு தெரிவதால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. குழுவில் பாதிப் பேர் இதை ஏற்பதில்லை.

இரண்டாம் சுற்றுக்கு ஒருவர் இரண்டு கேள்விகளோடு வர வேண்டும். 'ஆம்', 'இல்லை' என்று முடிந்துவிடுகிற கேள்வி பயன்படாது. 'நாகம்மாள்', கணவனின் சொத்தில் பாகம் கேட்கும் ஒரு கைம்பெண்ணின் கதை. 'நாகம்மாள் நல்லவளா' என்று கேட்டால் பத்து நிமிடத்தில் எல்லோரும் தத்தம் வீட்டுக் கதைக்குப் போய்விடுவார்கள். 'நாகம்மாள் பாகம் கேட்பது எந்த இடங்களில் அவளுடைய சொந்த விருப்பமாகத் தெரிகிறது, எந்த இடங்களில் அவளோடு பழகும் கெட்டியப்பனின் தூண்டுதலாகத் தெரிகிறது' என்று கேட்டால் எல்லோரும் புத்தகத்தைப் புரட்டுவார்கள். 'வாடிவாச'லுக்கு, 'அந்தக் கிழவனின் பேச்சை எடுத்துவிட்டால் மாடுபிடிக்க வந்த பிச்சியைப் பற்றியும் காரிக் காளையைப் பற்றியும் நமக்கு என்ன மிஞ்சும்' என்பது எங்களுக்கு நன்றாக வேலை செய்த கேள்வி.

நடத்துபவர் அடிக்கடி சொல்ல வேண்டியது இரண்டே சொற்கள்: 'எந்த இடத்தில்?' இதைச் சிரித்த முகத்தோடு சொல்லப் பழகுங்கள். 'நாகம்மாள்' கூட்டத்தில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். எங்கள் குழுவில், அரை ஏக்கர் தேயிலை வைத்து ஆலைக்குப் பச்சைத் தேயிலை கொடுக்கும் ஓர் அக்கா இருக்கிறார். பள்ளிப் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். எல்லோரும் நாகம்மாளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது அவர், "அவ கேட்டது அவ புருசன் பங்கைத்தானே? அதையே ஒரு தம்பி கேட்டிருந்தா பஞ்சாயத்து வச்சுப் பிரிச்சு விட்டிருப்பாங்க" என்றார். நான் வழக்கம்போல, "எந்த இடத்துல அக்கா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேயிலைக் கறை படிந்த விரலால் வரிகளைத் தொட்டு, கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் நாகம்மாள் பேசும் ஒரு பகுதியை மெதுவாகப் படித்தார். நாங்கள் எல்லோரும் வாயாடித்தனம் என்று கடந்துபோன அந்தப் பேச்சில், ஒரு கைம்பெண்ணின் கணக்கு முழுவதும் இருந்தது. அன்று கூட்டம் முடிய ஆறரை மணி ஆயிற்று. இருவரை ஆட்டோ பிடித்து அனுப்ப வேண்டியிருந்தது.

நம் ஊரைப் பற்றிய நாவலைப் பேசும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை. 1963இல் வெளிவந்த 'குறிஞ்சித்தேன்', நீலகிரியின் படகர் சமூகத்தின் வாழ்வையும், மலைக்கு நீர்மின் திட்டம் வந்தபோது அது மாறியதையும் சொல்கிறது. முசிறியில் பிறந்து, நீலகிரியில் தங்கி, கண்டதை எழுதியவர் ராஜம் கிருஷ்ணன். எங்கள் கூட்டத்தில், ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து, வரும் கல்லூரி மாணவியைச் சுற்றி எல்லோரும், 'இது சரியா, அது சரியா' என்று கேட்டு அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டோம். அவர் சற்று நேரம் பொறுத்து, "நானும் உங்களை மாதிரி முதல் தடவைதான் படிக்கிறேன், அண்ணா" என்றார். அதன் பிறகு ஒரு விதி வைத்தோம்: கதை யாருடைய சமூகத்தைப் பற்றியதோ அவரும் மற்றவர்களைப் போலத் தம் பத்தியைப் படிப்பார்; விளக்கம் தருவது அவர் விருப்பம். அடுத்த மாதம் அவராகவே பாட்டியிடம் சில பகுதிகளைப் படித்துக் காட்டி, பாட்டி தலையாட்டிய இடங்களையும் உதட்டைப் பிதுக்கிய இடங்களையும் தனித்தனியே குறித்துக்கொண்டு வந்தார். 2018இல் குறிஞ்சி பூத்தபோது தாம் பள்ளிச் சிறுமி என்றும், 2030இல் அடுத்த பூப்புக்குள் இந்த நாவலைப் பாட்டிக்கு முழுவதும் படித்துக் காட்டிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

ஏழாம் படி: பின்தங்கியவர்களும் டிசம்பர் கூட்டமும்

ஒரு நாவலில் சிக்கிக்கொண்டவருக்கு 60 பக்கம் வரை பொறுமை காட்டச் சொல்லுங்கள். அதற்கு மேலும் ஓடவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்த மாதப் புத்தகத்துக்கு வந்து சேரட்டும். பாக்கியைச் சுமந்துகொண்டே வருகிறவர் ஆகஸ்டுக்குள் காணாமல் போவார். 'மோகமுள்'ளில் எங்களில் மூவர் முடிக்கவில்லை. அவர்களும் டிசம்பர் கூட்டத்துக்கு வந்து, ரங்கண்ணா பாபுவுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் பகுதிகளை மட்டும் படித்துக்கொண்டு பேசினார்கள்.

டிசம்பர் கூட்டத்தில் அவரவர் நோட்டுகளை மாற்றிக்கொண்டு படியுங்கள். அடுத்த ஆண்டுப் பட்டியல் அதிலிருந்தே வரும். சனவரிக்கான புத்தகம் அன்றைக்கே கையில் இருக்க வேண்டும். நூலகத்தில் ஒரே பிரதிதான் இருக்கிறது என்றால், அதை முதலில் எல்லோரிலும் மெதுவாகப் படிப்பவரிடம் கொடுத்தனுப்புங்கள்.