சூட்டில் காற்று எவ்வளவு விரியும்: வீட்டிலேயே அளக்க

250 மி.லி. போரோசிலிகேட் (சூடு தாங்கும் கண்ணாடி) குடுவை, துளையிட்ட ரப்பர் அடைப்பான், அதில் சின்னக் கண்ணாடிக் குழாய், குழாயில் மாட்ட ரப்பர் டியூப், டியூப்பை இறுக்கி மூடக் கிளிப் போதும். சாதாரண பாட்டில் வேண்டாம், விரிசல் விடும்.

குடுவை உள்ளே முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஆவியாகிக் காற்றை வெளியே தள்ளிவிடும். கணக்கு கெடுவது பெரும்பாலும் இதனால்தான். கிளிப்பைத் திறந்து வைத்து, கழுத்துவரை கொதிநீரில் 10 நிமிடம் வையுங்கள். சென்னை ராயபுரம் கடலோரம் என்பதால், நீரின் கொதிநிலையை 100 டிகிரி என்றே கொள்ளலாம். கிளிப்பை இறுக்கி, துணியால் பிடித்து, வாளித் தண்ணீரில் தலைகீழாக அமிழ்த்திக் கிளிப்பைத் திறங்கள். சூட்டில் விரிந்த காற்று ஆறிச் சுருங்குவதால் தண்ணீர் உள்ளே பாயும். 5 நிமிடம் கழித்து, உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் சமமாகும்படி குடுவையை உயர்த்தி, கிளிப்பை மூடுங்கள். புகுந்த நீரை அளவு ஜாடியில் அளக்கவும்.

வாளி நீரையும் தெர்மாமீட்டரில் பாருங்கள். மே மாதம் வண்ணாரப்பேட்டை மாடித்தொட்டி நீர் நன்றாகவே சுடும். 30 டிகிரி என்றால், அதோடும் கொதிநீரின் 100 டிகிரியோடும் 273 கூட்டி (கெல்வின் அளவு), 303/373 = 0.81; காற்று இந்தப் பங்காகச் சுருங்கும். அடைப்பான்வரை 260 மி.லி. பிடிக்கும் குடுவையில் 49 மி.லி. புக வேண்டும். கிடைப்பதோ 40 அளவில்தான்: உள்ளே சேரும் நீராவி 32 மி.மீ. பாதரச அழுத்தம் தருகிறது. வளிமண்டல அழுத்தம் 760, அதில் 32 போக 728; எஞ்சிய காற்றின் பருமனை 728/760 ஆல் பெருக்கினால் சரியாகும்.