விளக்கு எரிகிறது, வண்டி இழுக்கவில்லை: பழைய டீசல் லாரியில் கோளாறைத் தேடும் வரிசை

பழைய லாரி வாங்கிய முதல் மாதத்திலேயே பலருக்கு வரும் கேள்வி இது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று அணையாமல் நிற்கிறது, மேட்டில் வண்டி திணறுகிறது. எங்கிருந்து தொடங்குவது? நாமக்கல், சங்ககிரிப் பக்கம் இரண்டாம் கை வண்டி வாங்கி ஓட்டுபவர்களை மனத்தில் வைத்து, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பிஎஸ்-4, 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 என்று புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு தயாரான காமன் ரெயில் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் முறை) வண்டிகளுக்கே இது முக்கியமாகப் பொருந்தும். அதற்கு முந்தைய, மெக்கானிக்கல் பம்ப் வைத்த வண்டிகளுக்குக் காற்று, டீசல் பற்றிய பகுதிகள் மட்டும் உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் வரும் கோடு (கோளாறைக் குறிக்கும் எண்), எந்த அளவு தவறாக இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. கோட்டில் சென்சாரின் பெயர் வந்தவுடன் புதுச் சென்சார் வாங்குகிற பழக்கம்தான் லாரிக்காரர்களின் பணத்தை அதிகம் தின்கிறது.

தேவையானவை: ஒரு மல்டிமீட்டர், டார்ச், ஸ்க்ரூடிரைவர், ஒளி ஊடுருவும் கண்ணாடிப் பாட்டில், நோட்டுப் புத்தகம், ஸ்கேனர். ஸ்கேனர் வாங்கும்போது கவனம் வேண்டும். காருக்கு விற்கும் மலிவான புளூடூத் கருவிகள் 12 வோல்ட்டுக்கானவை. பெரிய லாரிகள் 24 வோல்ட். கருவி 24 வோல்ட்டைத் தாங்குமா, லாரிகள் பயன்படுத்தும் ஜே1939 என்ற தகவல் தொடர்பு முறையைப் படிக்குமா என்று கேட்டு வாங்குங்கள். சிறிய 12 வோல்ட் சரக்கு வண்டிகளுக்குச் சாதாரணக் கருவியே பெரும்பாலும் போதும்.

முதல் படி: விளக்கின் நிறத்தைப் பாருங்கள்

சிவப்பு என்றால் வண்டியை ஓரம் கட்ட வேண்டும். ஆயில் அழுத்தம், கூலன்ட் சூடு, ஏர் பிரேக் வண்டியில் காற்றழுத்தம், இந்த மூன்றிலும் பேச்சுக்கே இடமில்லை. ஆயில் விளக்கு எரிந்தால் இன்ஜினை அணைத்து, சமதரையில் சில நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். மெக்கானிக் ஒரு கேஜை மாட்டி உண்மையான அழுத்தத்தை அளந்த பிறகே முடிவெடுக்க வேண்டும். சூடு ஏறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது முகத்தை வேகவைத்துக்கொள்ளும் வழி. மஞ்சள் விளக்கு எரிந்தால் அளவோடு ஓட்டி ஊர் சேரலாம்; ஆனால் தள்ளிப்போடக் கூடாது.

பழைய வண்டியில் எரியாத விளக்கையும் சந்தேகப்பட வேண்டும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் நில்லுங்கள். இன்ஜின் செக், ஆயில், பேட்டரி விளக்குகள் எரிய வேண்டும்; ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி ஆனில் இன்ஜின் செக் விளக்கு எரியவே இல்லை என்றால், விற்றவர் அதை யாரையாவது வைத்து முடக்கியிருக்கலாம். வண்டி வாங்கப் போகும் இடத்திலேயே செய்ய வேண்டிய சோதனை இது. அரை நிமிடம்கூட ஆகாது.

இரண்டாம் படி: அழிப்பதற்கு முன் படியுங்கள்

பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். அணையலாம். கூடவே கோளாறு எந்த வேகத்தில், எந்தச் சூட்டில், எவ்வளவு லோடில் பதிவானது என்ற விவரமும் போய்விடும். அந்த விவரம் கோட்டைவிட மதிப்புள்ளது. எல்லாக் கோடுகளையும், அந்த நேரத்து அளவுகளையும் நோட்டில் எழுதுங்கள் அல்லது திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பல ஸ்கேனர்களில் கோடுகள் அழிக்கப்பட்ட பிறகு வண்டி ஓடிய தூரமும் தெரியும். வாங்கப் போகும் வண்டியில் அது பத்துப் பதினைந்து கிலோமீட்டர் என்று காட்டினால், நீங்கள் வருவதற்காகத்தான் அழித்திருக்கிறார்கள்.

அடிக்கடி கண்ணில் படுபவை: பி0299 என்றால், காற்றை அழுத்தி இன்ஜினுக்குத் தள்ளும் டர்போவின் அழுத்தம் குறைவு. பி0087 என்றால் ரெயிலில் டீசல் அழுத்தம் குறைவு. பி0401 என்றால், புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் இஜிஆர் வழியாகப் புகை போதுமான அளவு போகவில்லை. பி2463 என்றால் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியில் அளவுக்கு மேல் கரி சேர்ந்துவிட்டது. பி20இஇ என்றால், யூரியா திரவத்தால் புகையைச் சுத்தம் செய்யும் எஸ்சிஆர் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. ஜே1939 வண்டிகளில் எஸ்பிஎன், எஃப்எம்ஐ என்று இரண்டு எண்கள் வரும். முதல் எண் எந்த அளவு என்றும், இரண்டாவது அது எப்படித் தவறியது என்றும் சொல்லும். எஸ்பிஎன் 102 டர்போ பக்கக் காற்றழுத்தம், 157 ரெயில் அழுத்தம். எஃப்எம்ஐ 3, 4, 5 வந்தால் முதலில் ஒயரையும் கனெக்டரையும் பாருங்கள். அவை மின்சாரக் கோளாறைக் குறிப்பவை.

மூன்றாம் படி: இழுவை எப்போது குறைகிறது?

ஒரே நொடியில் ஆக்சிலேட்டர் செத்து, வண்டியை அணைத்து மறுபடி போட்டதும் சரியாகிறதா? அது லிம்ப் மோடு; இன்ஜினை நடத்தும் கணினியான கன்ட்ரோல் யூனிட் வேண்டுமென்றே சக்தியைக் குறைத்திருக்கிறது. கோடு கட்டாயம் இருக்கும். மெதுவாக, வாரக்கணக்கில் குறைந்துகொண்டே வந்ததா? ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டிபிஎஃப் அடைப்பு. லோடு ஏற்றி மேட்டில் மட்டும் திணறுகிறதா? டீசல் வரத்து அல்லது டர்போ.

இன்ஜினைத் தொடுவதற்கு முன் இரண்டு விஷயங்களை விலக்குங்கள். ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, வீல் டிரம்களின் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவற்றைப் பார்க்காமல் இன்ஜெக்டர் வரை கழற்றிய பட்டறைகள் உண்டு.

நான்காம் படி: காற்று

இங்கே அதிக நேரம் செலவிடுங்கள். இழுவைக் குறைவில் மலிவாகத் தீரும் கோளாறுகள் இங்கேதான் அதிகம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, வீலுக்குக் கட்டை கொடுத்து, கேபினைத் தூக்கினால் பூட்டு விழுந்ததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். வெளிச்சம் வெளியே தெரியவில்லை என்றால் மாற்றுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸரால் முழு அழுத்தத்தில் ஊதினால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். அதன் வழியே புகும் தூசி டர்போவின் இறக்கையைத் தின்னும்.

அடுத்தது, டர்போவிலிருந்து, காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்கள். ஒவ்வொன்றின் அடிப்பக்கத்தையும் விரலால் தடவுங்கள். மேலே நன்றாக இருக்கும். வெடிப்பு கீழேதான் ஒளிந்திருக்கும். ஈரமான ஆயில் கறை திட்டாக இருந்தால் அங்கே காற்று கசிகிறது. ஐடிலில் மூடியிருக்கும் வெடிப்பு, லோடில் அழுத்தம் ஏறும்போது வாய் திறக்கும். மேட்டில் மட்டும் “உஸ்” சத்தமும் கரும்புகையும் வருவது அதனால்தான். எல்லா கிளாம்ப்களையும் ஒருமுறை இறுக்குங்கள். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய வாக்கம் குழாயையும் மறக்காதீர்கள். சூட்டில் காய்ந்து நுனியில் கிழிந்த அந்தச் சின்னக் குழாய் பி0299 கோட்டைக் கொண்டுவரப் போதும். டர்போ விலையையும் அந்தக் குழாயின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால், முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதில் சந்தேகம் வராது.

ஹோஸ்கள் சரி என்றால், இன்ஜின் ஆறிய பிறகு டர்போவின் காற்று நுழையும் பக்கக் குழாயைக் கழற்றி இறக்கையை விரலால் சுற்றுங்கள். தடையின்றிச் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னுமாகக் கைக்குத் தெரியும் ஆட்டம் இருந்தாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போவின் காலம் முடிந்தது.

காற்றழுத்தச் சென்சாரே பொய் சொல்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்று நுழையும் குழாய்) அழுத்தத்தைப் படியுங்கள். அது வெளிக்காற்றின் அழுத்தம்தான்: கடலோர ஊரில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும், ஊட்டி உயரத்தில் 80-க்கும் கீழே இருக்கும். இதிலிருந்து வெகுவாக விலகினால் சென்சாரையோ ஒயரையோ சந்தேகப்படலாம். சரியாக இருந்தால் சென்சாரை விட்டுவிடுங்கள்.

புகை நிறமும் பேசும். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது இஜிஆர் திறந்தபடி மாட்டிக்கொண்டது. வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது கூலன்ட். நீலம் என்றால் ஆயில். ஆனால் பிஎஸ்-6 வண்டியில் டிபிஎஃப் கரியைப் பிடித்துவிடும். அதில் கரும்புகை கண்ணுக்குத் தெரிந்தால், உள்ளே வடிகட்டி உடைந்திருக்கிறது, இல்லையென்றால் முன்னாள் உரிமையாளர் அதைக் குடைந்தெடுத்திருக்கிறார். விலை பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஐந்தாம் படி: டீசல்

முதலில் ஓர் எச்சரிக்கை. பழைய வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். காமன் ரெயிலில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஐடிலிலேயே சில நூறு பார் (அழுத்த அலகு), லோடில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையையே எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை எளியவை. டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரின் அடித் திருகைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தெளிவாகப் பிரிந்து நிற்பது தண்ணீர். தண்ணீர் நிறைய வந்தால், முடியும் வரை வடித்து, டேங்கையும் சுத்தம் செய்ய வேண்டும். டீசல் ஃபில்டர் எப்போது மாற்றியது என்று தெரியவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். புது ஃபில்டரில் டப்பா டீசலை ஊற்றி நிரப்பாமல், ஹேண்ட் பிரைமரால் பம்ப் செய்து நிரப்புங்கள்.

டேங்க் மூடியைத் தளர்த்தி, மூடி தவறி விழாதபடி, ஆளில்லாத சாலையில் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். இழுவை திரும்பினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இரவு முழுக்க நின்ற பிறகு காலையில் செல்ஃப் நீண்ட நேரம் அடிக்க வேண்டியிருந்தால், டேங்கிலிருந்து பம்ப் வரை எங்கோ ஏர் எடுக்கிறது. அந்தப் பாதையில் ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தினால் குமிழிகள் தெரியும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பி0087 திரும்பி வந்தால், இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பி வரும் டீசல் (ரிட்டர்ன்) அளவையும் பம்பையும் பம்ப் பட்டறையில் சோதிக்கச் சொல்லுங்கள். அது வீட்டு வாசலில் செய்யும் வேலை அல்ல.

ஆறாம் படி: மின்சாரம்

ஓடும் இன்ஜினில் பேட்டரியை அளந்தால் 12 வோல்ட் வண்டியில் ஏறத்தாழ 13.8 முதல் 14.4, 24 வோல்ட் வண்டியில் 27.6 முதல் 28.8 வரை வர வேண்டும். குறைந்தால் ஆல்டர்னேட்டர் பெல்ட், டெர்மினல், எர்த் ஒயர். வோல்டேஜ் சரிந்தால் தொடர்பே இல்லாத கோடுகள் கூட்டமாக வரும். அவற்றைத் தனித்தனியாகத் துரத்தாதீர்கள். பிரேக் லைட் சுவிட்சையும் பாருங்கள்: காலை எடுத்த பிறகும் பின் விளக்கு எரிந்தால், பிரேக் மிதித்திருப்பதாக நினைத்து கன்ட்ரோல் யூனிட் சக்தியைக் குறைக்கலாம்.

ஏழாம் படி: புகைக்குழாய்ப் பக்கம்

டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள உள்ளே ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு கிடைக்காது. டிபிஎஃப் விளக்கு எரியத் தொடங்கியதும் நெடுஞ்சாலையில் நிலையான வேகத்தில் இருபது நிமிடமாவது ஓட்டுங்கள், அல்லது டேஷ்போர்டில் உள்ள ரீஜெனரேஷன் (கரியை எரித்துச் சுத்தம் செய்தல்) பட்டனைக் கையேட்டில் சொல்லியபடி அழுத்துங்கள். வைக்கோல், காய்ந்த புல், டீசல் பங்க் பக்கத்தில் வேண்டாம். புகைக்குழாய் அனல் கக்கும். பாதியில் நின்ற ரீஜெனரேஷன்கள் ஆயிலில் டீசலைக் கலந்துவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் மகிழாதீர்கள், உடனே ஆயிலை மாற்றுங்கள்.

யூரியா டேங்கில் ஊற்ற வேண்டியது 32.5 சதவீத யூரியா கொண்ட டிஇஎஃப் திரவம் மட்டுமே. வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் எஸ்சிஆர் கெடும். அதன் விலை எந்தச் சேமிப்பையும் விழுங்கிவிடும். வெயிலில் நின்ற கேனும் வேண்டாம். டோசிங் நாசிலில் வெள்ளைப் படிகம் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவிப் பாருங்கள். தவறிப்போய் டிஇஎஃப்பை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பக் கூடாது. டேங்கைக் காலி செய்த பிறகே மற்றதெல்லாம். விளக்கை அணைக்க எமுலேட்டர் (போலி சிக்னல் கொடுக்கும் கருவி) மாட்டித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்; அது சட்டவிரோதம், அதோடு உண்மையான கோளாறு உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

கடைசி வேலை

கோளாறைச் சரிசெய்த பிறகே கோடுகளை அழியுங்கள். வெறும் வண்டியில் ஓட்டிப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். வழக்கமான லோடுடன், வழக்கமாகத் திணறிய அதே மேட்டில் ஏற்றுங்கள். திரும்பி வந்ததும் ஸ்கேனரில் நிலுவைக் கோடுகள் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். விளக்கு எரிவதற்கு முன்பே கோளாறு அங்கே பதிவாகிவிடும். அதே கோடு அங்கே நின்றால் நான்காம் படிக்குத் திரும்பி, ஹோஸ்களின் அடிப்பக்கத்தை இன்னொரு முறை தடவுங்கள்.