கரண்ட் பில்லை எந்த மாதத்தில் எழுதுவது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின் செலவை நோட்டிலோ எக்செல்லிலோ புதிதாக எழுதத் தொடங்குபவர்கள் கூட்டல் கழித்தலில் சறுக்குவதில்லை. மாதத்தில்தான் சறுக்குகிறார்கள்.

பணம் கட்டிய மாதத்தில் யூனிட்டை எழுதுவது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தருகிற தவறு இது. ஒவ்வொரு எண்ணும் பில்லோடு அச்சாக ஒத்துப்போகும். அதிலிருந்து எடுக்கிற முடிவு மட்டும் தலைகீழாக இருக்கும்.

கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் 18-ல் ரீடிங் எடுத்தார்கள், அடுத்தது ஜனவரி 17. இடையில் ஓடியது 6,000 யூனிட். கட்டுவதற்கு 20 நாள் அவகாசம் இருப்பதால் பிப்ரவரி முதல் வாரத்தில் பணம் போகிறது. நோட்டில் 'பிப்ரவரி: 6,000' என்று ஏறிவிடும். ஆனால் அந்தக் கரண்ட் கார்த்திகை தொடங்கி மகரவிளக்கு வரை, ஐயப்ப பக்தர்கள் அறைகளை நிறைத்த நாட்களில் ஓடியது. பிப்ரவரியில் அதில் ஒரு யூனிட்கூட இல்லை. காலி அறைகளுக்கா இவ்வளவு என்று பதறி, நன்றாக ஓடுகிற ஏசியையும் கீசரையும் மாற்றக் கிளம்புவார்கள். டிசம்பர் கட்டத்திலோ சீசனுக்கு முந்தைய பில் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து, சீசனில் சிக்கனமாக இருந்தோம் என்று நிம்மதி வேறு.

செய்ய வேண்டியது இது. மீட்டர் அட்டையிலோ பில்லிலோ இருக்கும் இரண்டு ரீடிங் தேதிகளை எடுங்கள். முதல் தேதியைச் சேர்த்து, கடைசித் தேதியை விட்டு எண்ணினால் 60 நாள். ஒரு நாளைக்கு 100 யூனிட். நவம்பரில் 13 நாள், 1,300. டிசம்பரில் 31 நாள், 3,100. ஜனவரியில் 16 நாள், 1,600. கூட்டினால் 6,000 வர வேண்டும். ஜனவரியின் மீதி 15 நாள் அடுத்த பில்லில் வரும். அதுவரை ஜனவரிக் கணக்கை முடிக்காதீர்கள்.

இதுவும் சராசரிதான். மாத முதல் தேதி காலையில் நீங்களே மீட்டரைப் படம் எடுத்து வைத்தால் பிரிக்கிற வேலையே இல்லை. மீட்டர் திரையில் தேதி, வோல்ட், அதிகபட்ச லோடு எல்லாம் மாறி மாறி ஓடும். கே.டபிள்யூ.எச். (kWh, அதாவது யூனிட்) என்று காட்டும் எண்தான் வேண்டும். அது வரும்வரை காத்திருந்து படம் எடுங்கள்.

ரூபாயை வைத்து ஒப்பிடுவது

கட்டணம் மாறும், டெபாசிட் சேரும், அபராதம் ஏறும். வீடுகளுக்கு இலவச யூனிட்டும் ஸ்லாபும் (யூனிட் கூடக் கூட ஏறும் கட்டண அடுக்கு) பில்லின் இரண்டு மாதத்துக்கும் சேர்த்தே கணக்கு. அதனால் தொகையைப் பாதியாக்கினால் எந்த மாதத்துக்கும் பொருந்தாது. யூனிட்டை எழுதுங்கள், ரூபாய்க்குத் தனிப் பத்தி போடுங்கள்.

கதவு பூட்டியிருந்தபோது வந்த பில்

அது ரீடிங் அல்ல, உத்தேசம். அடுத்த உண்மையான ரீடிங் வரும்வரை பொறுத்து, இரண்டு பில்லையும் ஒரே நீண்ட காலமாக எடுத்து நாள்வாரியாகப் பிரியுங்கள்.

மீட்டர் மாற்றிய மாதம்

பழையதன் கடைசி ரீடிங், புதியதன் தொடக்க ரீடிங், மாற்றிய தேதி மூன்றையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

கேஸ் சிலிண்டர்

சமையல் கேஸையும் எழுதினால் இதே முறைதான். வாங்கிய தேதி வேண்டாம். மாட்டிய தேதியையும் தீர்ந்த தேதியையும் எழுதுங்கள்.