மக்காச்சோளம்: விதைத்த பிறகு செய்யக்கூடாத தவறுகள்

பெரம்பலூர், அரியலூர், திண்டுக்கல், விருதுநகர் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர்களுக்குப் பெரிய செலவு படைப்புழு மருந்துதான். அமெரிக்கன் படைப்புழு 2018-ல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு அதே ஆண்டில் தமிழகத்துக்கும் வந்தது. மருந்து அடித்தும் புழு சாகவில்லை என்றால், பெரும்பாலும் காலம் தவறியிருக்கும், இல்லையென்றால் மருந்து விழுந்த இடம் தவறாக இருக்கும்.

குருத்தில் மரத்தூள் போல எச்சம் குவிந்து, இலை கிழிந்து தொங்கிய பிறகு மருந்துக் கடைக்கு ஓடுவதுதான் முதல் தவறு. அதற்குள் புழு பெருத்துக் குருத்தின் அடியில் இறங்கியிருக்கும்; தன் எச்சத்தாலேயே மேலே மூடிக்கொண்டிருக்கும். அங்கே மருந்து போய்ச் சேராது. முட்டை 2–3 நாளில் பொரிந்துவிடும். குஞ்சுப்புழு இலையின் பச்சையத்தைச் சுரண்டுவதால் வெள்ளைத் திட்டுகளும் சிறு துளைகளும் தெரியும். அடிக்க வேண்டிய நேரம் அதுதான். முளைத்த 10ஆம் நாளிலிருந்து வாரம் இருமுறை வயலில் 5 இடங்களில் 20 செடி வீதம் பாருங்கள். 100-க்கு 10 செடியில் சேதம் தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. தலையில் தலைகீழ் ‘ஒய்’ குறியும் வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் படைப்புழுவேதான்.

இந்த மருந்துகளில் ஏதாவது ஒன்று: எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. என்றால் 10 லிட்டர் டேங்குக்கு 4 கிராம், குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. 4 மி.லி.; ஸ்பினிடோரம் 11.7 எஸ்.சி. 5 மி.லி. பாட்டில் மூடியால் குத்துமதிப்பாக அளக்காதீர்கள். மூன்று மருந்தை ஒன்றாகக் கலக்கும் ‘காம்பினேஷன்’ யார் சொன்னாலும் வேண்டாம். ஒரே மருந்தை அடுத்தடுத்தும் அடிக்கக் கூடாது, புழு பழகிவிடும். அதிகாலையிலோ மாலையிலோ, நாசிலைக் குருத்துக்கு நேராகப் பிடித்து, கரைசல் உள்ளே இறங்கும்படி அடியுங்கள். இலை மேல் பனி போலத் தூவிவிட்டுப் போவது வீண் செலவு.

இலை மஞ்சளானதும் யூரியா வீசுவது அடுத்த தவறு. எந்த இலை, எந்த வடிவம் என்று பார்க்க வேண்டும். அடி இலையில் நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக ‘வி’ வடிவில் மஞ்சள் ஏறினால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை. அடி இலையின் ஓரம் கருகினால் சாம்பல்சத்துக் (பொட்டாசியம்) குறை. இளம் இலையில் நடுநரம்பின் இருபுறமும் வெளுத்த பட்டை ஓடினால் துத்தநாகக் குறை; இதற்கு யூரியா ஒன்றும் செய்யாது. லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட் கரைத்துத் தெளியுங்கள். அடியுரமாக ஏக்கருக்கு 15 கிலோ போட்டிருந்தால் இந்த வேலையே வந்திருக்காது. துத்தநாக சல்பேட்டை டி.ஏ.பி. உரத்துடன் கலந்து போட்டால் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) துத்தநாகமும் ஒன்றையொன்று கட்டிப்போட்டு இரண்டும் பயிருக்குக் கிடைக்காமல் போகும்.

இறவை வீரிய ஒட்டு ரகத்துக்கு ஏக்கருக்கு 100 கிலோ தழைச்சத்து தேவை. கால் பங்கு அடியுரம், 25ஆம் நாள் பாதி (யூரியாவாக 108 கிலோ), 45ஆம் நாள் மீதிக் கால் பங்கு (54 கிலோ). ஆள் கிடைக்கவில்லை என்று இரண்டு மேலுரத்தையும் ஒரே தடவையில் கொட்டினால் பாதி நீரோடு போய்விடும்.

களைக்கு அட்ரசின் 50 சதத் தூளை விதைத்த 3–5 நாளில், மண் ஈரமாக இருக்கும்போது, ஏக்கருக்கு 200 கிராம் வீதம் தெளிக்கலாம். ஆனால் உளுந்தோ தட்டைப்பயறோ ஊடுபயிராக இருந்தால் அட்ரசினைத் தொடவே கூடாது, பயறு கருகிவிடும், அங்கே பெண்டிமெத்தலின்தான்.

தண்ணீரில் இரண்டு பக்கமும் ஆபத்து. இளம்பயிரில் நீர் தேங்கினால் வேர் மூச்சுமுட்டிச் செடி மஞ்சளாகும். வடிகால் வெட்டாமல் உரம் போட்டுப் பயனில்லை. பூக்கும் தருணத்தில் காயவிட்டால் ஆண்பூ மகரந்தம் உதிர்ந்த பிறகே கதிரில் பட்டுநூல் வெளிவரும், மணி பிடிக்காது. கதிர் பொக்கைவாயாக நிற்பது அதனால்தான். பிறகு எந்த டானிக் அடித்தாலும் மணி வராது. பூத்தபின் வறட்சியும் சூடும் சேர்ந்தால் கரிக்கோல் அழுகல் என்ற தண்டு நோய் வரும்: தண்டைப் பிளந்தால் உள்ளே நார் நாராகக் கிழிந்து கறுத்திருக்கும். அதற்கும் தெளிப்பு மருந்து இல்லை. கையில் இருக்கும் தண்ணீர் கொஞ்சம் என்றால், ஆண்பூ வெளிவருவதிலிருந்து மணி பால் பிடிக்கும் வரைக்கும் ஒதுக்கி வையுங்கள்.