கீபோர்டில் பழகிய பிள்ளையைப் பியானோ மேடைக்குத் தயார்செய்ய

வீட்டில் 61 கட்டைக் கீபோர்டில் பழகிய பிள்ளை, மேடையில் 88 கட்டைப் பியானோவைத் தொட்டதும் தடுமாறும். கட்டை கனமாக இருக்கும்; மெல்ல அழுத்தினால் சில சுரங்கள் ஒலிக்காமலே போகும். இரண்டு வாரம் முன்பிருந்தே நிஜப் பியானோவில் வாசிக்க விடுங்கள்.

முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வர வேண்டும். கால் தொங்கினால் அடியில் பலகை போடுங்கள். இல்லையென்றால் தோள் இறுகி, நான்காம் விரல் (மோதிர விரல்) ஓடாது.

பாட்டில் நான்கு இடங்களைப் பென்சிலால் குறித்து, எங்கிருந்து சொன்னாலும் தொடங்கப் பழக்குங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எப்போதும் முதலிலிருந்தே வாசித்த பிள்ளை, நடுவில் பிசகினால் மறுபடி முதலுக்கே ஓடும்.

தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்ற வேகத்தில் வையுங்கள். மூன்று முறை பிசகில்லாமல் வந்த பிறகே 64-க்கு ஏற்றுங்கள். கடைசி மூன்று நாள் இடையில் நிறுத்தித் திருத்தவே கூடாது.