பெண்ட் பைப் திட்டுத்திட்டாக நிறம் மாறினால்

பைக் என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாய்தான் பெண்ட் பைப். அதில் என்ஜினை ஒட்டிய நாலு விரற்கடை மஞ்சளாகவோ நீலமாகவோ மாறுவது சூட்டால் வருவது, பழுதில்லை. எவர்சில்வர் பைப் சுமார் 300 டிகிரியில் வைக்கோல் நிறமாகும். 500-ஐத் தாண்டினால் நீலம். மாட்டுத்தாவணி சிக்னலில் காற்றோட்டமில்லாமல் உறுமிக்கொண்டு நின்றாலே இன்னும் கொஞ்சம் ஏறும்.

ரெண்டு சிலிண்டர் வண்டியில் ஒரு பைப் மட்டும் நீலம் பாய்ந்தால்தான் சந்தேகம். அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைவாகப் போகலாம், அல்லது என்ஜினுக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவை போகும் வழியிலுள்ள இன்டேக் ரப்பர் வெடித்துக் காற்று புகலாம். அதை முதலில் பாருங்கள், இல்லையேல் தேய்த்தது வீண்.

வண்டி நன்றாக ஆறட்டும். செயின் ஆயிலையும் தாரையும் மண்ணெண்ணெய்த் துணியால் எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். உப்புப் போர் தண்ணீர் என்றால் காயவிடாமல் ஒற்றி எடுங்கள். வெள்ளைப் பொட்டு விழும். பட்டாணி அளவு மெட்டல் பாலிஷ் போதும், நீளவாக்கில் தேய்க்கவும். குரோம் பூச்சில் உப்புத்தாள் என்ற பேச்சே கூடாது. பூச்சு போன இடத்தில் துரு ஏறும்.

கடைசியாகத் தின்னர் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. இதைச் செய்யாமல் விட்டால், விரல் பட்ட எண்ணெய் சூட்டில் வெந்து பழுப்புக் கைரேகையாகப் பதிந்துவிடும். தின்னர் முழுதும் காய்ந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.